பாடம் இலவசம், பட்டம் யாருக்கு?

நம்மவர் மேடைகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய பல்லவி கேட்கிறது. “பல்கலைக்கழகத்தில் இடம் கொடு, இடம் கொடு என்று இன்னும் எத்தனை காலத்துக்கு அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்? ஹார்வர்டு பாடமே கைப்பேசியில் இலவசமாக வருகிறது. படிக்க மனம் இருந்தால் போதும்!” உடனே கைதட்டல். அடுத்து மாலை, பொன்னாடை. அதற்கடுத்து மதிய உணவு.

அப்படி ஒரு கல்விக் கருத்தரங்கில் நானும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கைதட்ட மனம் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்பு என் அலுவலகத்துக்கு வந்துபோன ஓர் இளைஞர்தான் காரணம்.

வயது 23. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பம். அப்பா லாரி ஓட்டுகிறார். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி. கேட்ட துறை கிடைக்கவில்லை. கிடைத்ததோ விண்ணப்பத்தில் இல்லாத ஒரு துறை, அதுவும் வீட்டிலிருந்து 500 கிலோமீட்டர் தூரத்தில். போகவில்லை. கிடங்கு ஒன்றில் இரவு வேலை செய்துகொண்டே இணையத்தில் படித்தார். தரவுப் பகுப்பாய்வு, புள்ளியியல், நிரல் எழுதுதல். கோப்பைத் திறந்து காட்டினார்: வண்ணத்தில் அச்சடித்த 14 சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களின் முத்திரை. பாதிக்குமேல் சொந்தச் சம்பளத்தில் பணம் கட்டி வாங்கியவை.

வேலைக்குப் போன இடத்தில், “டிப்ளோமா இருக்கா?” என்று கேட்டார்களாம். கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உயர்கல்வி நிலையம் ஒன்றில், இந்தப் பாடங்களுக்குப் புள்ளி கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். “நீங்கள் எங்கள் மாணவர் இல்லையே” என்று பதில் வந்திருக்கிறது.

“சார், இதுக்குச் சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?” என்று கேட்டார்.

வழக்குரைஞர் தொழிலில் இந்தக் கேள்வியை ஆயிரம் முறை கேட்டிருப்பேன். அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சிதான்.

வாக்குறுதி சின்னதல்ல

முதலில் நியாயமாகப் பேசிவிடுவோம். இலவச இணையப் பாடம் என்பது வெறும் ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன் பாடக் குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிடப் போவதாக அறிவித்தபோது, அது உண்மையிலேயே பெரிய மனம். (அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. உலகெங்கும் வாழும் தமிழரை மனதில் வைத்துத் தொடங்கியது அது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. நம் மேடைகளில் ஹார்வர்டு பெயர் ஒலிக்கிற அளவுக்கு இது ஒலிப்பதில்லை.) 2011 பிற்பகுதியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் துரூன், பீட்டர் நோர்விக் என்ற இருவர் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 160,000 பேர் பதிந்துகொண்டார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 248 பேர். அவர்களில் ஒருவர்கூட ஸ்டான்போர்டு வளாகத்தில் கட்டணம் கட்டிப் படித்த மாணவர் இல்லை!

இந்த ஒரு செய்தியை நான் மிகவும் விரும்பிப் படித்தேன். திறமை வளாகச் சுவருக்குள்தான் குடியிருக்கிறது என்ற மூடநம்பிக்கையை அது உடைத்தது. நம் பிள்ளைகளைப் பற்றி நாம் பல காலமாகச் சொல்லிவருவதும் அதைத்தானே?

அடுத்த ஆண்டு, 2012-இல், யுடாசிட்டி, கோர்சேரா, எடெக்ஸ் மூன்றும் வந்தன. எடெக்ஸுக்காக எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் ஆளுக்கு 3 கோடி டாலர் ஒதுக்கின. நியூயார்க் டைம்ஸ் நாளேடு அந்த ஆண்டையே ‘மூக்’ ஆண்டு என்று அழைத்தது. மாபெரும் திறந்த இணையப் பாடம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. நம் காதுக்கு அது எப்படி விழுகிறது என்பதை விட்டுவிடுவோம். இன்னும் 50 ஆண்டில் உலகில் பத்தே பத்து உயர்கல்வி நிலையங்கள்தான் மிஞ்சும் என்று துரூன் பேசியதாகச் செய்தி வந்தது. ஏழை நாட்டுப் பிள்ளைக்கும் ஹார்வர்டு பிள்ளைக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பாடம் என்பதுதான் வாக்குறுதி.

மங்கோலியாச் சிறுவனும் மரப்பெட்டிகளும்

அந்த வாக்குறுதிக்குச் சான்றாக உலகமே காட்டிய பெயர் பத்துஷிக் மியான்கன்பயார். மங்கோலியத் தலைநகர் உலான்பத்தார் சிறுவன். 15 வயதில், எம்.ஐ.டி.யின் மின்சுற்றுப் பாடத்தில் முழு மதிப்பெண் பெற்றான். 2012-இல் அந்தப் பாடத்துக்குப் பதிந்தவர்கள் 150,000-க்கும் மேல். தேறியவர்கள் சுமார் 7,000 பேர். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 340 பேர். அவன் பிறகு எம்.ஐ.டி.யிலேயே மாணவனாகச் சேர்ந்தான்.

கருத்தரங்குப் பேச்சாளர்கள் இந்தக் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். மிச்சக் கதையை நான் சொல்கிறேன். அவன் படித்த பள்ளியின் முதல்வர் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர். அவர்தான் அந்தப் பாடத்தைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். ஸ்டான்போர்டில் படித்த பொறியாளர் நண்பர் ஒருவரை வரவழைத்தார். அந்த நண்பர் சோதனைக்கூடக் கருவிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, வாரக் கணக்கில் பிள்ளைகளோடு உட்கார்ந்தார். ஆக, அந்தச் சிறுவனுக்குக் கிடைத்தது இணையப் பாடம் மட்டுமல்ல. அக்கறையுள்ள முதல்வர், நேரில் வந்த ஆசிரியர், கையால் தொட்டுப் பார்க்கக் கருவிகள், சேர்ந்து படிக்கத் தோழர்கள். பையனின் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆனால் ‘தனி ஒருவன், ஒரு கைப்பேசி, ஒரு கனவு’ என்று மேடையில் அவிழ்த்துவிடுவது கதையல்ல, கட்டுக்கதை.

எனக்கும் சின்ன அனுபவம் உண்டு. ஹார்வர்டு பேராசிரியர் மைக்கல் சாண்டலின் ‘நீதி’ விரிவுரைகள் 2009-இலேயே இணையத்தில் இலவசமாக வந்துவிட்டன. ஒரு கோயில் மண்டபத்தில், சனிக்கிழமை மாலைகளில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி அவற்றை இளையோருக்குப் போட்டுக் காட்டினோம். முதல் வாரம் 20 பேருக்கு மேல் வந்தார்கள். மூன்றாம் வாரம் ஏழு பேர். பிறகு முறையை மாற்றினோம்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தமிழில் பேசி, நம் தோட்ட வெளியேற்ற வழக்குகளை எடுத்துக்காட்டாக வைத்து வாதாடினோம். கூட்டம் திரும்பி வந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்சேரா பாடங்களைப் படித்த ஏறத்தாழ 35,000 பேரிடம் கேட்டு 2013-இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்கெனவே கல்லூரிப் பட்டம் பெற்றவர்கள்! பட்டினி கிடப்பவனுக்கு என்று இலை போட்டார்கள். சாப்பிட்டு முடித்தவனே மறுபந்தியிலும் வந்து உட்கார்ந்துவிட்டான்.

2019-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இருவர், எம்.ஐ.டி., ஹார்வர்டு இரண்டின் எடெக்ஸ் பாடங்களின் ஆறாண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். 2017-18-இல் பதிந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் 3.13 விழுக்காடு. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் முதல் ஆண்டோடு சரி, மறுபடி வரவே இல்லை. கூட்டம் பெருகியதும் வளமான நாடுகளிலிருந்துதான்.

‘சும்மா எட்டிப் பார்க்க வந்தவரையெல்லாம் கணக்கில் சேர்க்கலாமா?’ என்று எதிர்த்தரப்பு கேட்கும். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதே ஆய்வில், சான்றிதழுக்காகப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 விழுக்காட்டினர் முடித்திருக்கிறார்கள். ஆனால் அது யாருடைய வாதத்துக்கு வலு சேர்க்கிறது? பணம் கட்ட முடிந்தவன் முடித்தான் என்றுதானே அதற்குப் பொருள்!

எளியவர் மேல் இதைச் சோதித்துப் பார்த்த கதையும் உண்டு. 2013-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டியோடு சேர்ந்து, 150 டாலர் கட்டணத்தில் மூன்று கணிதப் பாடங்களை இணையவழி நடத்தியது. கணிதத்தில் பின்தங்கியவர்களும், உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் வீட்டில் கணினியே இல்லை. அடிப்படைக் கணிதப் பாடத்தில் தேறியவர்கள் 30 விழுக்காட்டுக்கும் குறைவு. இயற்கணிதத்தில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. அவ்வாண்டு ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். துரூனும் அந்த ஆண்டு முடிவதற்குள் தன் சரக்கு தரமானதாக இல்லை என்று செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டு, நிறுவனங்களுக்கான தொழிற்பயிற்சிப் பக்கம் திரும்பினார். அந்த நேர்மையாவது அவரிடம் இருந்தது.

அதே பல்கலைக்கழகத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. சாண்டலின் ‘நீதி’ பாடத்தை எடெக்ஸ் வழியாக வகுப்பில் பயன்படுத்தச் சொன்னபோது, தத்துவத் துறை ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். சாண்டலுக்கே வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: வசதியான பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு உயிருள்ள பேராசிரியர், வசதியில்லாத பிள்ளைக்கு அவருடைய படம். இரண்டு வகைப் பல்கலைக்கழகம், இரண்டு வகை மாணவர்.

இந்தச் சொற்கள் நமக்குப் புதிதா என்ன? இரண்டாம் தரக் குடிமக்கள் என்ற சொல்லை நாம் இங்கே எத்தனை முறை எழுதியிருக்கிறோம்!

லண்டன் செய்ததும் இவர்கள் செய்வதும்

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சட்டம் படித்தது எந்த வளாகத்திலும் இல்லை. பகலில் ஒரு வழக்குரைஞர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இரவில் லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைச் சட்டப் பட்டத்துக்குப் படிப்பு. பாடநூல்களின் நகல்கள், கை மாறிக் கை மாறி வந்த பழைய வினாத்தாள்கள், மாலை வகுப்புக்குப் பணம் இருந்த மாதத்தில் மாலை வகுப்பு. தேர்வு மட்டும் லண்டன் மாணவனுக்கு எந்த வினாவோ, அதே தரத்து வினா. தேறினேன். பிறகு சி.எல்.பி. தேர்வு. பிறகு கறுப்பு அங்கி. இந்நாட்டு நீதிமன்றங்களில் என்னைப் போல வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. இடம் கிடைக்காத இனத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு பின்கதவாக இருந்தது.

லண்டன் பல்கலைக்கழகம் 1858-இலேயே அந்த முடிவை எடுத்துவிட்டது: எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்க மாட்டோம், எங்கள் தேர்வை எழுது, தேறினால் எங்கள் பட்டம் உனக்கு. கவனியுங்கள்: பாடம் சொல்லிக்கொடுப்பது அதன் பொறுப்பாக இருக்கவில்லை. பட்டத்தைத் திறந்து வைத்திருந்தது.

இன்றைய இலவச இணையப் பாடம் இதற்கு நேர் எதிர். பாடத்தை வாரி வாரி இறைக்கிறது; பட்டத்தைப் பூட்டி வைத்திருக்கிறது.

எனக்கு ஒப்பந்தச் சட்டத்தை யார் சொல்லிக்கொடுத்தார் என்று எந்த நீதிபதியும் கேட்டதில்லை. வழக்கறிஞர் தொழில் தகுதி வாரியம், 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி, அந்தக் காகிதத்தை ஏற்றுக்கொண்டது. அதுதான் எல்லாம். என் அலுவலகத்துக்கு வந்த இளைஞர் என்னைவிடக் கெட்டிக்காரராக இருக்கலாம். என்னைவிட நல்ல ஆசிரியர்களிடம் படித்திருக்கிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் 14 காகிதங்களைச் சட்டம் எதுவும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

இணையவழியில் முழுப் பட்டமே கொடுக்க முடியாதா? முடியும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014-இல் கணினி அறிவியல் முதுகலைப் பட்டத்தை முழுக்க முழுக்க இணையவழி தொடங்கியது. வளாகத்தில் கொடுக்கும் அதே பட்டம். கட்டணம் சுமார் 7,000 டாலர். அங்கே அது மலிவுதான். நம் லாரி ஓட்டுநரின் மகனுக்கு? எது இலவசம், எதற்கு விலை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

சாவி அவர்கள் கையில்

இலவசம் என்ற சொல்லுக்கும் ஆயுள் குறைவு. தொடக்கத்தில் எடெக்ஸ் பாடத்தை முடித்தவருக்குச் சான்றிதழ் இலவசம். 2015 இறுதியில் அதை நிறுத்தினார்கள். 2018 இறுதியில், மதிப்பெண் இடப்படும் பயிற்சிகளுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். இலாப நோக்கமற்றது என்று சொல்லித் தொடங்கிய அந்த நிறுவனம் 2021-இல் 2யூ என்ற வணிக நிறுவனத்துக்கு 80 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அந்த 2யூ 2024 ஜூலையில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றப் படியேறியது. ஏழைக்குக் கல்வி என்று ஊதிய சங்கு கடைசியில் கடன்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றது. பிறகு கடனைச் சீரமைத்து, தனியார் நிறுவனமாக மீண்டு வந்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு இதைவிட முக்கியம். 2014 ஜனவரியில் ஈரான், கியூபா, சூடான் நாட்டு மாணவர்களுக்குக் கோர்சேரா பாடங்கள் திடீரென மூடப்பட்டன. காரணம், அமெரிக்காவின் பொருளாதாரத் தடைச் சட்டம். பாடத்தில் பாதி வழி வந்தவனும் வெளியே தள்ளப்பட்டான். முஸ்லிம் நாடுகளின் அரசியலமைப்புப் போராட்டங்கள் பற்றிப் பாடம் நடத்திய கோப்பன்ஹேகன் பல்கலைக்கழக ஆசிரியர் தன் மாணவர்களுக்குக் கடுமையான மறுப்புக் கடிதம் எழுதினார். அவரால் அதைத்தான் செய்ய முடிந்தது. மாணவரால் அதுவும் முடியவில்லை. எந்த நீதிமன்றத்துக்குப் போவான்? நீங்களும் நானும் ‘ஏற்கிறேன்’ என்று அழுத்திவிட்டுப் போகிறோமே, அந்த நிபந்தனைகளின்படி அவனுக்கு இருந்தது உரிமை அல்ல, அனுமதி. அனுமதி கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

உரிமை என்பதற்கும் சலுகை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்துப் படித்த சமுதாயம் நாம். நமக்கா இதை விளக்க வேண்டும்?

நம் வீட்டு நிலவரம்

2014 செப்டம்பரில் நம் நாட்டிலும் அரசுப் பல்கலைக்கழகங்கள் நான்கு சேர்ந்து முதல் நான்கு இணையப் பாடங்களைத் தொடங்கின. ஓர் ஆஸ்திரேலிய நிறுவனத்தின் தளத்தில் அவை ஏறின. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அந்த நான்கில் ஒன்று என்ன தெரியுமா? இன உறவுகள்! இனங்கள் எப்படி ஒற்றுமையாக வாழ வேண்டும் என்ற பாடம் எல்லா இனத்துக்கும் திறந்திருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்தும் பல்கலைக்கழகத்தில் இடம் மட்டும் வேறு கணக்கு. இதை நான் எழுதியிருந்தால் கேலி என்பீர்கள்.

கணக்கு என்னவென்று தெரியாதவர்களுக்கு: மெட்ரிகுலேஷன் இடங்கள் 2019-இல் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும், பூமிபுத்ராவுக்கு 90 விழுக்காடு, மற்றவர் அனைவருக்கும் 10 விழுக்காடு என்பது மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்ற எல்லா இன மாணவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்றோம். அடுத்த வரிசையில் நிற்கும் 8 ஏ, 7 ஏ பிள்ளைகளைப் பார்த்துத்தான் “இணையத்தில் படியுங்கள்” என்கிறார்கள்.

இணையம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்ற கேள்விக்குப் பெருந்தொற்றுக் காலமே விடை சொல்லிவிட்டது. 2020-இல் கல்வியமைச்சு நடத்திய கணக்கெடுப்பில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. அதே ஆண்டு சபா, பித்தாஸ் பகுதியில் ஒரு மாணவி தேர்வு எழுத அலைவரிசை தேடி மரத்தில் ஏறினார். மொழியோ இன்னொரு மலை. நம் பிள்ளை ஆறாண்டு தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, கடைசியில் இணையத்தில் அமெரிக்க ஆங்கிலத்தைச் சந்திக்கிறான். இந்தியாவின் ஐ.ஐ.டி.கள் தங்கள் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றின் எழுத்து வடிவைத் தமிழிலும் தந்திருக்கின்றன. அது நம் இளையோருக்குத் தெரியுமா என்றால், தெரியாது. அதில் பழி அரசாங்கத்தின் மேல் அல்ல, நம் இயக்கங்கள் மேல்தான்.

சட்டத்தில் வழி இருக்கிறதா?

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆம் பிரிவு, அரசாங்கக் கல்வி நிலையங்களில் மாணவர் சேர்க்கையில் இனத்தை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. 153-ஆம் பிரிவு ஒதுக்கீட்டை அனுமதிக்கிறது. 1971-இல் அதில் சேர்க்கப்பட்ட 8ஏ உட்பிரிவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு துறையில் இருக்கும் இடங்கள், தகுதி பெற்ற மாணவரின் எண்ணிக்கையைவிடக் குறைவாக இருந்தால் ஒதுக்கீடு செய்யலாம் என்பது அதன் அடிப்படை. அதாவது ஒதுக்கீட்டுக்கான காரணமே இடப் பற்றாக்குறைதான்.

இணையப் பாடத்தில் ஏது நாற்காலி? ஏது பற்றாக்குறை? 160,000 பேர் ஒரே வகுப்பில் உட்காரலாம் என்று 2011-இலேயே காட்டியாகிவிட்டது. மிச்சமிருப்பது தேர்வுக்கூடம் மட்டும். தேர்வுக்கூடத்தில் நூறு நாற்காலி கூட்டிப் போடுவதற்கு எந்த இனத்தின் இடமும் பறிபோகாது. ஆகவே, ‘எங்கள் ஒதுக்கீட்டில் கை வைக்கிறார்கள்’ என்ற வழக்கமான கூச்சலுக்கு இங்கே இடமே இல்லை.

இந்நாட்டில் இதற்கான சட்டகம் பாதி கட்டப்பட்டுக் கிடக்கிறது. மலேசியத் தகுதி முகமை 2016-இலேயே இணையப் பாடங்களுக்குப் புள்ளி மாற்றம் செய்ய வழிகாட்டி வெளியிட்டுவிட்டது. வேலை அனுபவத்தைக் கல்வித் தகுதியாகக் கணக்கிடும் ‘ஏப்பல்’ முறையும் உண்டு. ஆனால் புள்ளியை மாற்ற வேண்டுமானால் ஏற்கெனவே ஏதாவது ஒரு நிலையத்தில் மாணவராக இருக்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு இன்னொரு வசதி. வெளியே நிற்பவருக்கு அதே வாசல், அதே பூட்டு. இந்தியாவிலும் ஏறக்குறைய இப்படித்தான். ஸ்வயம் தளத்துப் பாடங்களுக்குக் கல்லூரிகள் 20 விழுக்காடு வரை புள்ளி தரலாம் என்று 2016-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி செய்தது. 2021-இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தியது. அங்கேயும் கல்லூரியில் சேர்ந்தவருக்கே பயன். ஆனாலும் ஒன்று தெளிவாகிறது: அரசாங்கம் ஒரு வரி எழுதினால் அந்தப் பாடத்துக்கு மதிப்பு வந்துவிடுகிறது. எழுதாவிட்டால் வெறும் காட்சிப் படம்.

ஆகவே நம் கோரிக்கை “எங்களுக்கும் இணையப் பாடம் கொடு” என்பதல்ல. அது ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. இருபது அரசுப் பல்கலைக்கழகங்களும் தங்கள் முதலாண்டுப் பாடங்களின் தேர்வுகளை வெளியாருக்குத் திறக்க வேண்டும். எங்கே படித்தார் என்று கேட்கக் கூடாது. தேறினால் புள்ளி பதிவாக வேண்டும். அந்தப் புள்ளியோடு இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்க உரிமை வேண்டும். தேர்வுக் கட்டணம் எளியவரால் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். 1858-இல் லண்டனால் முடிந்தது, இன்றைக்குப் புத்ராஜெயாவால் முடியாதா?

“அதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று நம்மவர் சிலரே சிரிப்பார்கள். சிரிக்கட்டும். முடியாது என்று அமைச்சு பதில் எழுதினால், ஏன் முடியாது என்பதற்கும் எழுத்தில் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் எழுத்தில் வந்துவிட்டால் அதை வைத்து என்ன செய்வது என்று வழக்குரைஞருக்குத் தெரியும்.

மேடைப் பேச்சாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்? மெல்பர்னிலும் மான்செஸ்டரிலும் வளாகத்தில்தானே? கைப்பேசியில் ஹார்வர்டு பாடம் அவ்வளவு போதுமென்றால், விமான டிக்கெட் எதற்கு?

அந்த இளைஞரின் 14 சான்றிதழ்களையும் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு அட்டவணை தயாரித்துவிட்டோம். அவற்றில் ஐந்து, நம் அரசுப் பல்கலைக்கழகங்களின் முதலாண்டுப் பாடங்களோடு ஏறக்குறைய வரிக்கு வரி பொருந்துகின்றன. உயர்கல்வி அமைச்சுக்கும் தகுதி முகமைக்கும் போகும் மனுவில் அது முதல் இணைப்பு. ஓர் இணைப்பு மட்டும் போதாது. இதைப் படிப்பவர்களில், அல்லது உங்கள் வீட்டில், தாமானில், கம்பத்தில், இப்படிச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு எங்கே காட்டுவது என்று தெரியாமல் இருப்பவர்கள் இருந்தால், சான்றிதழ் நகலையும் எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடிவுகளையும் இம்மாத இறுதிக்குள் நம் வட்டாரப் பொறுப்பாளரிடம் சேர்ப்பியுங்கள். மறுப்புக் கடிதம் ஏதாவது கிடைத்திருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அது முக்கியம்.